பேர் கழட்டின வாள்

ஆம்பளைங்க தலையில இருக்கிற வெட்டுத் தழும்பு ஏன் எப்பவும் இடது பக்கமாவே இருக்கு? முடிவெட்டக் கத்துக்கிட்ட காலத்துலேர்ந்தே ரோஸ்விதாவுக்கு இந்தக் கேள்வி உண்டு. எல்லா ஆம்பளைங்களுக்கும் இல்ல. ஸ்லோவேனியா எல்லையோரம் இருக்கிற லைப்னிட்ஸ் ஊர்ல வக்கீல், நோட்டரி, பல் டாக்டர்னு கொஞ்சம் பெரிய இடத்து ஆளுங்களுக்கு மட்டும். காதுக்கு மேல, இல்லன்னா கன்னத்துல, வெள்ளையா ஒரு கோடு. அந்த இடத்துல முடி முளைக்காது, சீப்பு சும்மா வழுக்கிட்டுப் போகும். கேட்டா சிரிப்பாங்க. ஒருத்தர் சைக்கிள்லேர்ந்து விழுந்தேன்னு சொன்னார். எல்லாரும் இடது பக்கமாவே விழுவாங்களா?

நிஜமான பதிலைச் சொன்னவர் டாக்டர் லாக்னர்தான். மாட்டு டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு நெத்தியில ஒண்ணு, கன்னத்துல ஒண்ணு. "எதிர்ல நிக்கிறவன் வலது கையால வாளை வீசுறான் அம்மணி. அவனோட வலது, நம்மளோட இடது. இதுல என்ன ரகசியம்?"

காலேஜ்ல படிக்கும்போது மாணவர் சங்கத்துல சண்டை போட்டதாம். பக்கத்து நகரம் கிராட்ஸ்ல பழைய வீடு, நூத்தம்பது வருஷ சங்கம், தலையில தொப்பி, மார்ல மூணு கலர் பட்டை. டாக்டர் அதைச் சொல்லும்போது முகமே மாறிப்போகும். கடையில அவர் மாதிரி கஸ்டமர் கிடையாது. துணியைப் போர்த்தினா அவ்வளவுதான், தலை ஒரு நூல் அசையாது. காதுக்குப் பக்கத்துல கத்தரி போனாலும் சரி, கழுத்துல கத்தி வச்சு வழிச்சாலும் சரி, கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ரோஸ்விதாவோட பையன் செவெரினுக்கு கிராட்ஸ்ல இன்ஜினியரிங் சீட் கிடைச்சப்போ, ரூம் வாடகையைக் கேட்டு அவளுக்கு மயக்கம் வராத குறை. புருஷன் விட்டுட்டுப் போய் ரொம்ப நாளாச்சு, கடை வருமானம் மட்டும்தான். டாக்டருக்கு முடி வெட்டிக்கிட்டே அதைப் புலம்பினா. அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், எங்க சங்க வீட்ல ரூம் காலியா இருக்கு, நம்ம பக்கத்துப் பையன்னா வாடகை சும்மா பேருக்குத்தான், நான் சொல்லிடறேன்னு. ரோஸ்விதா அன்னிக்கு அவர்கிட்ட காசே வாங்கல.

முதல் ஆறு மாசம் ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவான், உருளைக்கிழங்கு சாலட்ல பூசணி விதை எண்ணெயைக் கொட்டிக்கிட்டு ரெண்டு தட்டு சாப்பிடுவான். கொஞ்சம் கொஞ்சமா பேச்சு மாறுச்சு. நம்ம மக்கள்னு ஆரம்பிப்பான். நம்ம மக்கள் எண்ணிக்கை குறையுது, வெளியாளுங்க எண்ணிக்கை ஏறுது, இதை யாரோ திட்டம் போட்டுப் பண்றாங்க, எல்லாரையும் அவங்கவங்க ஊருக்குத் திருப்பி அனுப்பணும். அவன் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அமைதியா, ரொம்ப மரியாதையாச் சொல்லுவான். ஒரு நாள் அவன் பையைத் துவைக்க எடுத்தப்போ உள்ள வெளியாளுங்களைத் திட்டுற ஸ்டிக்கர் ஒரு கத்தை. ஆத்துப் பாலத்துக் கம்பத்துல யாரு ஒட்டுறாங்கன்னு ரோஸ்விதா யோசிச்சுக்கிட்டே இருந்தாளே, அதே ஸ்டிக்கர்.

கடையில கூட வேலை பார்க்கிறவ அம்ரா. போஸ்னியாவுல சண்டை நடந்தப்போ சின்னப் பொண்ணா அம்மாகூட வந்தவ. செவெரின் ஸ்கூல் முடிஞ்சதும் நேரா கடைக்கு வந்து அவ பக்கத்து நாற்காலியில உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். அவனோட முதல் மீசையை வழிச்சு விட்டது அவதான். இப்போ அவன் கடைக்குள்ள வர்றதில்ல, வாசல்லயே நின்னு அம்மாவைக் கூப்பிடுவான்.

ஒரு தடவை அம்ரா நேராவே கேட்டா. "டேய், எல்லாரையும் திருப்பி அனுப்பப் போறியாமே. எனக்கு எந்த பஸ்ஸு? ஜன்னல் சீட்டா குடு."

அவன் காது செவந்துபோச்சு. நீ வேற மாதிரி, உன்னைச் சொல்லலன்னு முணுமுணுத்தான்.

"எல்லா ஊர்லயும் இப்படி வேற மாதிரி ஒருத்தி இருப்பா போல" அப்படின்னுட்டு அம்ரா மிஷினை ஆன் பண்ணா. அவன் போனப்புறம் ரோஸ்விதாகிட்ட சொன்னா, "பொட்டோச்னிக்னு ஸ்லோவேனியாக்காரக் குடும்பப் பேரை வச்சுக்கிட்டு இவன் சுத்த ஜெர்மன்காரனாம். அங்க யாரும் பேரைப் படிக்கவே மாட்டாங்களா?"

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சண்டை போட்டுப் பார்த்தா. ரெண்டு ஞாயிறு அவன் சாப்பிடவே வரல. அதுக்கப்புறம் அவ சண்டையை விட்டா. அவளுக்கு நிஜமாவே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்தப் பையனை அங்க எது பிடிச்சு வச்சிருக்கு? வெறும் வாடகைக்காகன்னா பேருக்கு அங்க இருந்துட்டுப் போயிடலாமே. இவன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்திருக்கு, அது எங்கேர்ந்து வருது?

அதனால கேக்க ஆரம்பிச்சா. திட்டாம, கிண்டல் பண்ணாம, கஸ்டமர்கிட்ட கேக்கிற மாதிரி. அவனும் கொட்டினான். சேந்த புதுசுல எல்லாரையும் நரின்னுதான் கூப்பிடுவாங்களாம். நரிக்கு ஓட்டு கிடையாது, கேள்வி கிடையாது, பீர் ஊத்திக் குடுக்கணும். ஒவ்வொரு நரிக்கும் பார்த்துக்க ஒரு சீனியர் உண்டு, அவன்தான் அண்ணன். செவெரினோட அண்ணன் பேரு டீட்மார், சட்டம் படிக்கிறவன். செவெரினுக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி முழுக்கப் பக்கத்துல உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் ஒரு நாள் வாள் சண்டை. அதுல நின்னா நரி முழு ஆளாயிடுவான். ஓட்டு வரும், பட்டை வரும். ஆயுசுக்கும்.

"ஆயுசுக்கும்னா?"

"சாவுற வரைக்கும்மா. அதுக்குப் பேரே ஆயுள் கட்டு."

சண்டை ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழமைன்னு முடிவாயிருந்துச்சு. யாரு ஜெயிப்பாங்கன்னு கேட்டா. அதுல வெற்றி தோல்வி கிடையாதுன்னான். கண்ணுக்கு இரும்பு வலை, கழுத்துக்கு பேண்டேஜ், உடம்புக்குக் கவசம். மிச்சம் இருக்கிற தலை மட்டும் திறந்து கிடக்கும். ஒரு வாள் தூரத்துல ரெண்டு பேரும் நிக்கணும். கால் நகரக்கூடாது. வெட்டு வர்றது தெரிஞ்சாலும் தலையைப் பின்னால இழுக்கக்கூடாது. வெட்டு வாங்கினா அசிங்கம் இல்ல, இழுத்தாத்தான் அசிங்கம். அப்படியே அங்கேயே ஒரு டாக்டர் தைப்பார், மரத்துப்போற ஊசி எல்லாம் கிடையாது.

"அவ்வளவுதானா விதி?"

"அவ்வளவுதான். பின்வாங்கக்கூடாது. மத்த எல்லாமே அதுலேர்ந்துதான் வருது."

அந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு ரோஸ்விதாவுக்கு அப்போ கொஞ்சம் புரிஞ்சுது. அப்பன் விட்டுட்டு ஓடின வீட்ல வளந்த பையன். ஓடாம நிக்கிறதுதான் எல்லாம்னு சொல்ற இடம் அது.

மார்ச் மாசம் சங்க வீட்ல அம்மாக்களுக்குக் காபி விருந்து வச்சாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் பொம்பளைங்க உள்ள போகலாம். ரோஸ்விதா நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனா. திட்டுறதுக்கு ஏதாவது கிடைக்கும்னு நெனச்சுதான் போனா, ஆனா அவங்க ரொம்ப நல்லா நடந்துக்கிட்டாங்க. கோட்டை வாங்கி மாட்டினாங்க, நாற்காலி இழுத்துப் போட்டாங்க, ஆப்பிள் கேக் அருமையா இருந்துச்சு. டீட்மார் பக்கத்துல உட்கார்ந்து கடையைப் பத்திக் கேட்டான். எங்க அம்மாவும் தனியாத்தான் வளத்தாங்கன்னான். மாடிப்படி ஓரமா முப்பத்தெட்டாம் வருஷத்துப் போட்டோ ஒண்ணு இருந்துச்சு. வரிசையா பசங்க, எல்லாரும் நாஜி சல்யூட்ல கையைத் தூக்கிக்கிட்டு. சட்டத்தை நல்லாத் துடைச்சு வச்சிருந்தாங்க. அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல.

ஹால் சுவத்துல வாள் வரிசை. ஒவ்வொண்ணுக்கும் கீழ பித்தளைத் தகடு, பேரு, வருஷம். நடுவுல ஒண்ணு மட்டும் தனியா, எல்லாத்தையும் விடப் பழசு. அதோட கைப்பிடி மட்டும் பளபளன்னு மின்னுச்சு. ஏன்னு கேட்டா. டீட்மார் பெருமையாச் சொன்னான், முதல் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நரியும் அந்த வாள் மேல கை வச்சுட்டுத்தான் போவான், அதுதான் வீட்டு வழக்கம். அந்த வாளுக்குச் சொந்தக்காரன் மேல ஒரு கீறல்கூட விழுந்ததில்லையாம். சங்கத்துலயே பெரிய வீரன்.

"யாரு அது?"

டீட்மார் வாளைப் பார்த்தான். அது ரொம்பப் பழைய காலம்னான்.

கீழ தகடு இல்ல. சுவத்துல ரெண்டு ஆணி ஓட்டை மட்டும், நடுவுல மரம் கொஞ்சம் வெளிறின கலர்ல நீளக் கட்டமா இருந்துச்சு. விழுந்திருக்கும்னு ஒருத்தன் சொன்னான். வீட்டுக்கே பெரிய வீரன், அவன் பேரு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாதா? ரயில்ல திரும்பி வரும்போது முழுக்க அந்த ரெண்டு ஓட்டையேதான் கண் முன்னாடி நின்னுச்சு.

அடுத்த வாரம் டாக்டர் லாக்னர் முடிவெட்ட வந்தார். துணியைப் போர்த்தி, தண்ணி அடிச்சு, பின்பக்கம் வெட்டி முடிச்சப்புறம் மெதுவாக் கேட்டா. அந்த வாள் யாரோடது டாக்டர்?

அவர் கண்ணாடியில அவளைப் பார்த்துச் சிரிச்சார். பசங்களுக்குத் தெரியாது, எங்க காலத்து ஆளுங்களுக்குத்தான் தெரியும்னார். நூத்திமுப்பது வருஷத்துக்கு முன்னாடி லியோபோல்ட் ஹிர்ஷ்னு ஒருத்தன் இருந்தான். யூதன். மருத்துவம் படிச்சவன். அந்தக் காலத்துல அவங்களையும் சேத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அவன் மாதிரி வாள் வீசினவன் கிராட்ஸ்லயே இல்ல. அப்புறம் காலம் மாறுச்சு, ஜெர்மன் ரத்தம் மட்டும்தான்னு விதி வந்துச்சு, அவனை வெளிய அனுப்பிட்டாங்க. வாளைக் கேட்டான், குடுக்கல.

"அவன் சும்மா போகல அம்மணி. எங்க ஆளுங்களை ஒவ்வொருத்தனா சண்டைக்குக் கூப்பிட்டான். கூப்பிட்டாப் போகணும், போகலன்னா கோழை. போனவன்லாம் கட்டு போட்டுக்கிட்டு வந்தான். வேற சங்கத்துலயும் அவன் ஆளுங்க இதே மாதிரி, எல்லாரும் நல்லா வீசக் கத்துக்கிட்டாங்க. பெரிய தலைவலி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாட்டுல இருந்த சங்கமெல்லாம் கூடி உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டாங்க. யூதனுக்கு மானம்னு ஒண்ணு கிடையாது. மானமே இல்லாதவனை அவமானப்படுத்த முடியாது. அதனால அவன் கூப்பிட்டா நாம போக வேண்டியதில்ல." டாக்டர் தலை அசையாம சிரிச்சார், தோள் மட்டும் குலுங்குச்சு. "முடிஞ்சுது ஹிர்ஷோட ஆட்டம். புத்தியைப் பாருங்க."

தகட்டை மட்டும் ரொம்பப் பின்னாடி, நாஜிங்க வந்த முப்பத்தெட்டுலதான் கழட்டினாங்களாம். வாளை ஏன் கழட்டலன்னு கேட்டா. நல்ல வாள் அது, ராசியான வாள்னார். ஹிர்ஷ் என்ன ஆனான்னு கேட்டா. அது அவருக்குத் தெரியல. அதை அவர் இதுவரைக்கும் யோசிச்ச மாதிரியே தெரியல.

காசு குடுத்தார், தொப்பியை மாட்டினார், போனார். அம்ரா அந்தப் பக்கம் ஒரு பாட்டியம்மாவுக்குச் சாயம் பூசிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா.

"பின்வாங்கக்கூடாதுங்கிறதுதானே அவங்க விதி? அப்போ பின்வாங்கினது யாரு?"

ரோஸ்விதா கீழ கிடந்த வெள்ளை முடியைக் கூட்டிக்கிட்டிருந்தா. அப்படியே நின்னுட்டா. டாக்டர் அதை ஒரு ஜோக்கு மாதிரி சொல்லிட்டுப் போயிட்டார். எத்தனை வருஷமா இதே ஜோக்கை எத்தனை மேசையில சொல்லியிருப்பார். அந்தக் கதையில ஓடினது யாருன்னு ஒரு தடவைகூட அவருக்குத் தோணலியா?

செவெரின்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு நாலு நாள் யோசிச்சா. சொன்னா கோவிச்சுக்கிட்டு மொத்தமா அங்கேயே போயிடுவானோன்னு பயம். சனிக்கிழமை தாண்டிட்டா ஆயுசுக்கும். கடைசியில வியாழக்கிழமை போன் பண்ணா. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னா, மேல ஒரு வார்த்தை போடல. நீ அவன் வாள் மேலதான் கை வைக்கப் போற, யாரோடதுன்னு தெரிஞ்சுட்டு வைன்னு மட்டும் சொன்னா.

அவன் சொன்னான், "கிழவன் ஏதோ உளறியிருக்கார். உனக்கு எப்படியாவது இதைக் கெடுக்கணும், அவ்வளவுதான்." போனை வச்சுட்டான்.

சனிக்கிழமை கடையில கூட்டம். ஈஸ்டருக்கு முந்தின வாரம், எல்லாரும் முடிவெட்ட வருவாங்க. ரோஸ்விதா கை வேலை பார்த்துச்சு, மனசு கிராட்ஸ்ல இருந்துச்சு. ஒரு பையனுக்குக் காதோரம் மிஷின் கோணலா ஓடிடுச்சு. அம்ரா வந்து மிஷினை வாங்கிக்கிட்டா. நீ போய்த் தலை கழுவி விடு, தண்ணியில யாரும் சாக மாட்டாங்கன்னா.

கடை சாத்துற நேரம் செவெரின் வந்தான். இந்தத் தடவை வாசல்ல நிக்கல. உள்ள வந்து, அந்தப் பழைய நாற்காலியில, அம்ரா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தான். இடது காதுக்கு மேல முடியைக் கன்னாபின்னான்னு மழிச்சு, கருப்பு நூல்ல தைச்சிருந்தாங்க. கால்கிட்ட ஒரு பெரிய பை.

அம்ரா குனிஞ்சு தையலைப் பார்த்தா. "நான் முதல் மாசம் வெட்டின முடியே இதைவிட நல்லா இருந்துச்சுடா."

அவன் லேசாச் சிரிச்சான், வலிச்சுது போல, நிறுத்திட்டான். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தே சொல்ல ஆரம்பிச்சான். அம்மா முகத்தை நேராப் பார்க்கல.

போன் வச்சப்புறம் அவன் தூங்கல. பழைய நியூஸ்பேப்பரெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்ல கிடைக்குதில்ல, அதுல தேடியிருக்கான். ஹிர்ஷ் இருந்தான். சண்டையும் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை டீட்மார்கிட்ட கேட்டான். டீட்மாருக்கு நிஜமாவே தெரியாது, ஆனா சொன்னான், தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, நாளைக்கு நல்லபடியா நில்லு.

அப்போ ஏன் போய் நின்னேன்னு ரோஸ்விதா கேட்டா.

"நிக்காம கேட்டா, பயந்துபோய் சாக்கு சொல்றான்னுதானேம்மா சொல்லுவாங்க. நின்னுட்டுத்தான் கேக்கணும்னு நெனச்சேன்."

காலையில ஹால்ல எல்லாரும் வரிசையா நின்னாங்க. வாள் மேல கை வைக்கச் சொன்னாங்க. கை வச்சு, லியோபோல்ட் ஹிர்ஷ்னு சத்தமாச் சொன்னானாம். பசங்க ஏதோ விளையாட்டுன்னு நெனச்சாங்க. பின்னால நின்ன பெரிய ஆளுங்கள்ல ரெண்டு பேரு மட்டும் தரையைப் பார்த்தாங்க.

"பேரைச் சொல்லியும் வெட்டு விழுந்திருக்கே" அப்படின்னா அம்ரா. "ஹிர்ஷுக்கே உன் மேல கோவம் போல."

மூணாவது சுத்துல வெட்டு விழுந்துச்சாம். வர்றது தெரிஞ்சுது, தலை பின்னால போகணும் போகணும்னு கத்துச்சு, விடல. ரத்தம் கண்ணுக்குள்ள ஓடுச்சு. நடுவர் வந்து பார்த்துட்டு, நின்னான்னு சொன்னார். எல்லாரும் கட்டிப் பிடிச்சாங்க, டீட்மார் அழுதான். அதைச் சொல்லும்போது அந்த வெளிச்சம் ஒரு நிமிஷம் செவெரின் முகத்துல திரும்ப வந்ததை ரோஸ்விதா பார்த்தா. அது பொய் இல்ல. அதுதான் அவளுக்குப் பயமா இருந்துச்சு.

மத்தியானம் சங்கக் கூட்டம். பட்டையைக் கட்டினாங்க. புதுசா முழு ஆளானவன் ஒரு விஷயம் பேசலாம், அது வழக்கம். எல்லாரும் நன்றி சொல்லிட்டு உட்காருவாங்க. இவன் எழுந்து, அந்த வாளுக்குக் கீழ பேருத் தகட்டைத் திரும்ப வைக்கணும், செலவு நான் பார்த்துக்கறேன்னான்.

யாரும் கத்தல, அடிக்க வரல. ஒரு வக்கீல் ரொம்ப அன்பாச் சொன்னார், தம்பி, அவரு நம்ம ஆளு இல்ல. அப்போ ஏன் எல்லாரும் அவரு வாள் மேல கை வைக்கிறோம்னு இவன் கேட்டான். அது வேற இது வேறன்னாங்க. இவன் விடல. அவரு கூப்பிட்டப்போ நம்ம ஆளுங்க போகாம இருக்க விதி போட்டாங்களே, அது பின்வாங்கினது இல்லையான்னான். அப்பதான் ஹால்ல காத்து மாறுச்சு. வீட்டு மானத்தை வீட்டுக்குள்ளயே கெடுக்கிறியான்னு ஒருத்தர் கேட்டார். ஓட்டுக்கு விட்டாங்க. இவனைத் தவிர எல்லாக் கையும் எதிரா.

"டீட்மார்?"

"அவனும்தான். அதோட விட்டிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன்னு நெனைக்கிறேன்மா. தோத்தாச்சு, அடுத்த வருஷம் திரும்பக் கேப்போம்னு. ஆனா அந்த வக்கீல் சொன்னார், இந்தப் பிரச்சனையே வேணாம், வாளைக் கழட்டிடுவோம். உடனே கழட்டினாங்க. எல்லாரும் காலையில கை வச்ச வாள். ரெண்டு பேர் ஏணி வச்சு ஏறி, ஒரு போர்வையில சுத்தி, நிலவறைக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒரு பேருக்குப் பயந்து."

ரோஸ்விதா போய்ச் சொட்டுற தண்ணிக் குழாயை இறுக்கி மூடிட்டு வந்தா.

"நான் நின்னேன்மா" அப்படின்னான். "அவங்க நிக்கல."

பட்டையைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு வந்துட்டான். ஆயுள் கட்டுதானே, அதை எப்படி விடறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாம முழிச்சாங்களாம். ரோஸ்விதா அவன் தோள் மேல கை வச்சா. அவன் உடனே சொன்னான், எல்லாத்தையும் விட்டுட்டேன்னு நெனைக்காதே, எல்லை, வெளியாளுங்க விஷயத்துல நான் நெனைக்கிறது நெனைக்கிறதுதான்.

"சரி" அப்படின்னா. அதைப் பத்தி இன்னிக்குப் பேச அவளுக்குத் தெம்பு இல்ல. பேசறதுக்கு இனி ஞாயித்துக்கிழமை இருக்கு. அது போதும்.

எங்க தங்கப் போறேன்னு கேட்டா. தெரியல, பரீட்சை வேற வருதுன்னான். அம்ரா தரையைக் கூட்டிக்கிட்டே, நிமிராமச் சொன்னா. "என் சித்தி பொண்ணு கிராட்ஸ்ல இருக்கா. ஒரு ரூம் வாடகைக்கு விடறா. வாடகை அவ்வளவு கம்மி இல்ல, ஏன்னா அங்க யாரும் உன் மண்டையை வெட்ட மாட்டாங்க."

அவன் எழுந்து, அவ கையிலேர்ந்து முறத்தை வாங்கி, குனிஞ்சு பிடிச்சான். சின்ன வயசுல அதுதான் அவன் வேலை. குனிஞ்சதும் தையல் இழுத்திருக்கும், முகம் சுருங்குச்சு. ரோஸ்விதா விளக்கை ஒவ்வொண்ணா அணைச்சா.

டாக்டர் லாக்னர் இனிமே வரமாட்டார்னுதான் அவ நெனச்சா. விஷயம் அவர் வாயிலேர்ந்துதான் வெளிய வந்துச்சுன்னு சங்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா மே மாசம் எப்பவும் போல வந்தார். தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டினார், உட்கார்ந்தார். துணியைப் போர்த்தினா. பின்பக்கம் வெட்டி முடிச்சா.

"பையன் நகரலையாமே" அப்படின்னார் கடைசியில.

"நகரல டாக்டர்."

"நல்ல வெட்டுன்னு சொன்னாங்க. நல்லாத் தாங்கினான்னு. வாளைக் கழட்டியிருக்க வேணாம். அது தப்பு."

ரோஸ்விதா சீப்பால அவர் நெத்தித் தழும்பு மேல முடியை வாரினா. கோபமா இருக்கணும்னு நெனச்சு வச்சிருந்தா, ஆனா வந்தது கோபம் இல்ல. அந்தப் பழைய ஆசைதான், தெரிஞ்சுக்கணுங்கிற ஆசை.

"நீங்க முதல் தடவை நின்னப்போ, அது மேல கை வச்சீங்களா?"

"எல்லாரும் வைப்போம்."

"யாரோடதுன்னு அப்பவே தெரியுமா?"

கண்ணாடியில அவர் கண்ணு அவ கண்ணைப் பார்த்துச்சு. அம்ராவோட மிஷின் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்னுபோச்சு.

"தெரியும்" அப்படின்னார். "தெரிஞ்சுதான் வச்சேன். பயமா இருந்துச்சு, அதான்."

சொல்லிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். இத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்தத் தலை அசைஞ்சுது. ரோஸ்விதா சட்டுன்னு கத்தரியை விலக்கினா, இல்லன்னா காதுல பட்டிருக்கும். அவர் தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா நேரா வச்சு, மிச்ச முடியை வெட்டினா.